துபாய்த் தூசி ஒட்டிய போத்தல்

“...ஆனால் இந்தத் தூசி எங்கள் ஊர்த் தூசி இல்லை,” என்று சொல்லிவிட்டு, வீட்டுக்காரர் போத்தலைக் குசினி ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பிடித்தார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம். ஹாலில் விருந்தாளி காத்திருந்தார். அந்த விருந்தாளியிடம்தான் என்னை வேலைக்கு மாற்றிவிடுவதாகப் பேச்சு. அதற்கான ரிலீஸ் பேப்பர் வீட்டுக்காரரின் சட்டைப் பையில், கையெழுத்துப் போடாமல், நான்காக மடித்துக் கிடந்தது. மெல்லிய சட்டை என்பதால் மடிப்பு வெளியே தெரிந்தது. எனக்கு அதைத் தவிர வேறொன்றும் கண்ணில் படவில்லை. கையில் பிடித்திருந்த டோர்ச் லைட்டை அணைக்க வேண்டும் என்பதுகூட மறந்துபோயிற்று.

இதைப் பலருக்குச் சொல்லியிருக்கிறேன். “வெள்ளைக்காரன் வீட்டுப் போத்தலுக்குப் பயந்தவன்” என்று ஒரு சிநேகிதர் எனக்குப் பட்டமே கட்டிவிட்டார். கட்டட்டும். அவர் அன்றைக்கு அந்தக் குசினியில் நிற்கவில்லை.

எண்பத்து மூன்றுக் கலவரத்துக்குப் பிறகு கொழும்பு வழியாக வெளியே வந்தவர்களில் நானும் ஒருவன். எனக்குக் கிடைத்தது துபாயில் ஒரு பிரெஞ்சு எஞ்சினியர் வீட்டில் வேலை. சமையல், துப்பரவு, சட்டை அயர்ன் பண்ணுவது, எல்லாம் நான்தான். சத்வாவுக்குப் பக்கத்தில், கடலுக்கு நடந்து போகக்கூடிய தூரத்தில் வீடு. பின்பக்கத்தில் எனக்கொரு அறை. அதில் ஒரு ஃபேன் இருந்தது. சுற்றுவதைவிட முனகுவதுதான் அதிகம்.

வீட்டுக்குள்ளே, படிக்கட்டுக்குக் கீழே, இன்னொரு சின்ன அறை இருந்தது. அதற்கு மட்டும் தனியாக ஒரு ஏசி, இரவும் பகலும் ஓடும். அதற்குள்ளே மனிதர் யாரும் இல்லை, வைன் போத்தல்கள்தான். மரத்தட்டுகளில் வரிசை வரிசையாகப் படுத்துக் கிடக்கும். “ஜூலை மாசத்தில இந்த ஊரில் சுகமாப் படுத்திருக்கிறது அதுகள் மட்டும்தான்,” என்று நானே சொல்லிச் சிரிப்பேன்.

வீட்டுக்காரரிடம் மது வைத்திருக்கப் பொலிஸ் கொடுத்த பெர்மிட் இருந்தது. என்னிடம் இல்லை. அதனால் அந்த அறைக்குள் போவதென்றாலே பயம்தான். வெறும் போத்தல்களைப் பேப்பரில் சுற்றிக் குப்பையில் போடும்போது கூடத் தெருவில் யாராவது பார்க்கிறார்களா என்று பார்ப்பேன்.

கடைசித் தட்டில், மற்றவற்றோடு சேராமல், ஒரு பழைய போத்தல் கிடந்தது. சிவப்பு வைன். மேலெல்லாம் கறுப்பும் சாம்பலுமாய்த் தூசி அப்பியிருக்கும். “தரையைத் துடை, தட்டுகளைத் துடை, இதை மட்டும் துடைக்காதே. இது என் அப்பா வீட்டுத் தூசி,” என்று முதல் நாளே சொல்லியிருந்தார். அவரும் நானும் பேசிய ஆங்கிலம் இருவருக்குமே இரவல். அதனால் ஒவ்வொரு சொல்லையும் பொறுக்கிப் பொறுக்கித்தான் சொல்வார்.

அதன் லேபிளில் மையால் கீறினது போல ஒரு வீடு இருந்தது. வீடு என்ன வீடு, மாளிகை. ஒரு பக்கம் கூர்க் கோபுரம், முன்னால் இரண்டு வரிசை மரம், பெரிய இரும்புக் கேற். மேல்மாடியில் ஏழு ஜன்னல். நிலத்தோடு ஒட்டினாற்போல மூன்று சின்னச் சாளரம். எண்ணியிருக்கிறேன். தினமும் பார்த்தால் எண்ணாமல் இருக்க முடியாது.

தினமும் ஏன் பார்த்தேன் என்பதுதான் விஷயம்.

யாழ்ப்பாணத்தில் நான் மூன்று வருஷம் நாட்டு மருந்துக் கடையில் நின்றவன். அரிஷ்டப் போத்தல்கள் அலுமாரி நிறைய இருக்கும். திராட்சை போட்டு ஊறவைத்ததும் அதில் உண்டு. நாள்பட நாள்பட அடியில் மண்டி படியும். காலையில் கடை திறந்ததும் முதல் வேலை, ஒவ்வொரு போத்தலாக எடுத்து இரண்டு தரம் தலைகீழாகக் கவிழ்த்து வைப்பது. “மருந்தெல்லாம் மண்டியிலதான் கிடக்கு. மேல்தண்ணியைக் குடிச்சவனுக்கு வருத்தம் மாறாது, பிறகு என்னைத்தான் திட்டுவான்,” என்பார் முதலாளி. மூன்று வருஷம். அதற்குப் பிறகு மண்டி படிந்த ஒரு போத்தலைக் கண்டால் என் கை என்னைக் கேட்காது.

இந்தப் பழைய போத்தலின் அடிப்பக்கத்து உள்விலாவில், டோர்ச் அடித்துப் பார்த்தால், வேட்டிக் கரைபோல நீளமாக மண்டி கிடந்தது. பாவம், பிள்ளைகுட்டிக்காரர், வேலைப்பளுவில் கவனிக்காமல் விட்டுவிட்டார் என்று நினைத்தேன். தூசி கலையாமல் கழுத்தில் இரண்டு விரலும் அடியில் உள்ளங்கையும் கொடுத்துத் தூக்கி, இரண்டு தரம் கவிழ்த்தேன். மண்டி புகைபோல எழும்பிப் பரவியது. மனசுக்குத் திருப்தியாக இருந்தது.

துடைக்காதே என்று சொன்னார். குலுக்காதே என்று அவர் சொல்லவில்லை. ஒரு மனிதன் அதைச் செய்வான் என்று அவருக்குத் தோன்றியிருக்காது.

நாலு மாதம் செய்தேன். லீவு நாளான வெள்ளிக்கிழமை தவிர.

அந்த வருஷக் கடைசியில் அவருடைய வேலை முடிந்தது. மனைவியையும் பிள்ளைகளையும் முன்னுக்கு அனுப்பிவிட்டார். ஒரு நாள் காலையில் என்னைக் கூப்பிட்டு, கதிரையைக் காட்டி, இருக்கச் சொன்னார். வெள்ளைக்காரர் இருக்கச் சொன்னால் அது நல்ல செய்தியாக இருக்காது.

“நான் போகிறேன். உன் விசா என் பெயரில் இருக்கிறது. நான் போனால் அது கான்சல். ஆனால் என் நண்பர் ஒருவர் உன்னை எடுப்பார். மூன்று வாரத்தில் இங்கே சாப்பிட வருகிறார். உன் சமையலையும் உன்னையும் பார்க்கட்டும். பிறகு நான் பேப்பரில் கையெழுத்துப் போடுகிறேன்.”

“பேப்பர் இல்லாவிட்டால், சேர்?”

அவர் கையை விரித்தார். கை விரித்தால் என்ன அர்த்தம் என்று தெரியாதா? கொழும்புக்கு டிக்கெட்.

அதற்கு முதல் கிழமைதான் அக்கா கடிதம் போட்டிருந்தாள். “தம்பி, என்ன நடந்தாலும் இஞ்சை வந்திடாதை. உன்ர வயசுப் பெடியள் ஒருத்தரும் வீட்டில நித்திரை கொள்ளுறேல்லை. கொழும்பிலயும் லொட்ஜ் லொட்ஜாப் புகுந்து பிடிக்கினம். அங்கை என்ன வேலையெண்டாலும் செய்துகொண்டு அங்கையே கிட.” கடிதத்தின் ஓரத்தில், இடம் போதாமல், பக்கத்து வீட்டுப் பெடியனை ஆமி ஏற்றிக்கொண்டு போனதைக் குறுக்கே எழுதியிருந்தாள். அந்தக் குறுக்கு வரியை நான் ஒரு தரத்துக்கு மேல் வாசிக்கவில்லை.

“அந்த விருந்துக்கு அந்தப் பழைய போத்தலைத் திறக்கப் போகிறேன்,” என்றார். என்னையும் கூட்டிக்கொண்டு படிக்கட்டுக்குக் கீழே போனார். படுத்துக் கிடந்த போத்தலை, பிறந்த குழந்தையைத் தூக்குகிற மாதிரி இரண்டு கையாலும் ஏந்தி, மெல்ல மெல்ல நிமிர்த்தி மூலையில் நிற்க வைத்தார்.

“இனி மூன்று கிழமை யாரும் தொடக்கூடாது. மண்டி எல்லாம் அடியில் இறங்க வேண்டும். நாற்பது வருஷத்துக்கு மேல் இது அசையாமல் தூங்கியிருக்கிறது. பிரான்சிலிருந்து இங்கே என் மடியில் வைத்துத்தான் கொண்டுவந்தேன். அசைத்தால் போயிற்று. சேறு.”

சேறு என்ற சொல்லுக்கு அவர் முகத்தைச் சுளித்த விதம் இன்னும் எனக்குக் கண்ணுக்குள் நிற்கிறது.

பிறகு லேபிளில் இருந்த வீட்டைக் காட்டினார். அது அவர்களுடைய வீடு என்றுதான் நான் நினைத்திருந்தேன். இல்லை. “இந்தப் பெரிய கேற்றால் என் அப்பா ஒரு நாளும் உள்ளே போனதில்லை,” என்றார். நிலத்தோடு ஒட்டிய மூன்று சாளரங்களில் நடுவில் இருந்ததை விரலால் தொட்டார். அதற்குக் கீழேதான் நிலவறை. அங்கே பீப்பாய்களோடு முப்பது வருஷத்துக்கு மேல் வேலை செய்தவராம் அப்பா. வீடு முந்நூறு வருஷத்து வீடு. சொந்தக்காரர்கள் மாறி மாறி வந்தார்கள். திராட்சைத் தோட்டமும் நிலவறையும் மாறவில்லை.

யுத்தத்தில் ஜெர்மன்காரர்கள் வந்து மேல்மாடியில் குடியேறினார்கள். நல்ல வைன் எல்லாம் எங்கே என்று தேடினார்கள். அதற்கு முன்னரே அப்பாவும் இன்னும் மூன்று பேரும் நிலவறையின் கடைசிப் பக்கத்தை மறித்து ஒரு சுவர் கட்டி, பழைய வைனை அதற்குப் பின்னால் ஒளித்துவிட்டார்கள். புதுச் சுவர் பளிச்சென்று தெரியுமே? மற்றச் சுவர்களில் இருந்த தூசியையும் ஒட்டடையையும் வழித்து எடுத்து அதன் மேல் பூசினார்களாம்.

“கண்டுபிடித்தார்களா, சேர்?”

“இல்லை. ஆனால் அப்பா ஒவ்வொரு நாளும் ஒரு ஒஃபிசரோடு அந்தச் சுவருக்கு முன்னால் நடக்க வேண்டும். சாகும்வரை அவருக்கு வயிறு சரியில்லை. டொக்டர் என்னென்னவோ சொன்னார். அம்மா சொல்வார், சுவர் வருத்தம் என்று.”

அந்த நாட்களில்தான் அவர் பிறந்திருக்கிறார். அப்பா வேலையிலிருந்து நின்றபோது, மகன் பிறந்த வருஷத்துப் போத்தல் ஒன்றை எசமான்கள் கொடுத்தார்கள். முப்பது வருஷ வேலைக்கு ஒரு போத்தல். அதைத்தான் நான் நாலு மாதமாகத் தலைகீழாகக் கவிழ்த்திருக்கிறேன்.

அன்றைக்குப் பின்னேரமே டிரைவர் அண்ணாச்சியிடம் ஓடினேன். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், வீட்டுக்காரரின் கம்பெனிக் கார் ஓட்டுகிறவர். அண்ணாச்சி என்று கூப்பிட அவரிடம்தான் பழகினேன். சத்வாவில் ஒரு கஃபேட்டீரியாவில் பரோட்டா சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“ஏ சிலோன்காரா, மூஞ்சி ஏம்ல இப்படி வெளிறிக் கெடக்கு? ஊர்ல எதும் தாக்கலா?”

“இல்லை அண்ணாச்சி. நான் ஒரு பெரிய பிழை விட்டுப்போட்டன். அந்தாளின்ர பழைய போத்தல்...”

“குடிச்சிட்டியா?”

“சீ! குலுக்கினனான்.”

“என்னது?”

“குலுக்கினனான். ஒவ்வொரு நாளும்.”

பரோட்டாவைக் கிழித்த கை அப்படியே நின்றது. “ஏலே, நானும் பத்து வருசமா இங்கன கெடக்கேன். களவாண்டவனைப் பாத்திருக்கேன், குடிச்சிட்டு தண்ணி ஊத்தி வச்சவனைப் பாத்திருக்கேன். குலுக்கிட்டு வந்து அழுதவன் நீ ஒருத்தன்தாம்ல.”

“பகிடி விடாதேங்கோ. பேப்பர் போடாட்டி என்னைக் கொழும்புக்கு ஏத்திவிட்டிடுவார்.”

அண்ணாச்சி சிரிப்பை நிறுத்தினார். டீயை என் பக்கம் தள்ளினார். “சரி, எதுக்குலே குலுக்குன?”

“மண்டி படிஞ்சிருந்தது.”

“படிஞ்சா ஒனக்கென்னடா? நீயா குடிக்கப் போற?”

நான் டீயைத் தூக்கி ஒரே மடக்கில் குடித்தேன்.

“கேளு. வாயத் தொறக்காத. கேட்டாம்னா, மாஃபி மாலும், தெரியாதுன்னு சொல்லிரு. அரபிக்காரன் கேட்டாலும் அதான், வெள்ளைக்காரன் கேட்டாலும் அதான். இந்த ஊர்ல உண்மையச் சொன்னவம்லாம் ஏர்போர்ட்லதாம்ல நிக்கான்.”

அந்த வசனத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு திரும்பி வந்தேன்.

மூன்று கிழமையும் எப்படிப் போயிற்று என்று எழுத எனக்குத் தெரியவில்லை. காலையில் தரை துடைக்கிற சாட்டில் உள்ளே போய், குந்தியிருந்து டோர்ச் அடித்துப் பார்ப்பேன். பச்சைக் கண்ணாடி, உள்ளே தெளிந்ததா கலங்கியதா என்று தெரியாது. ஒரு நாள் தெளிவு போல இருக்கும், மறுநாள் சேறு போல இருக்கும். கதவைச் சாத்தும்போது அதிர்வு படக்கூடாது என்று கைக்குட்டையை இடையில் வைத்துச் சாத்தினேன். மேல்மாடியில் வீட்டுக்காரர் கதவை அடித்துச் சாத்தினால் கூடக் கோபம் வந்தது எனக்கு.

ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோதான் மற்றதைக் கண்டேன். கழுத்தில் இரண்டு விரல் அகலத்துக்கும், அடியில் ஒரு உள்ளங்கை அளவுக்கும் தூசி இல்லை. நாலு மாதமாக என் கை பட்டுப் பட்டுப் பளிங்காகியிருந்தது. கண்ணாடியில் என் கையொப்பம் போட்ட மாதிரி.

இது எப்படி அவர் கண்ணில் படாமல் போயிற்று? அல்லது பட்டதா? பார்த்துவிட்டுத்தான் பேசாமல் இருக்கிறாரா? அன்றைக்குச் சாப்பாட்டில் உப்புக் கூடிப்போனதற்கு அவர் ஒன்றும் சொல்லவில்லை. அதுகூட என்னைப் பயப்படுத்தியது. ஒன்றும் சொல்லாத மனிதருக்குத்தான் அந்த நாட்களில் நான் அதிகம் பயந்தேன்.

அப்போதுதான் அவருடைய அப்பா நினைவுக்கு வந்தார். தூசி பூசிய சுவர்.

ஏசியைக் கழற்றி ஃபில்டரை உதறினேன். ஒரு சிரட்டை அளவுக்குத் தூசி விழுந்தது. விரல் நுனியில் தொட்டு, முகத்துக்குப் பவுடர் போடுகிற மாதிரி, போத்தல் அசையாமல், கழுத்திலும் அடியிலும் தட்டித் தட்டி வைத்தேன். டியூப் லைட்டில் பார்த்தால் அச்சு அசல். எனக்கே என்னை மெச்சத் தோன்றியது. அன்றிரவு கொஞ்சம் நித்திரை வந்தது.

விருந்தன்று ஆட்டிறைச்சியும், அவர் சொல்லித் தந்தபடி அவித்துக் கடைந்த உருளைக்கிழங்கும் செய்தேன். விருந்தாளி கொஞ்சம் தடித்த மனிதர், கால்மேல் கால் போட்டு இருந்துகொண்டு நான் நடக்கிற நடையைப் பார்த்தார். வீட்டுக்காரர் போத்தலைத் தானே தூக்கிக்கொண்டு குசினிக்கு வந்தார். “நீ டோர்ச் பிடி,” என்றார்.

கழுத்துக்குக் கீழே வெளிச்சம் பிடிக்க வேண்டும். அவர் ஒரே சாய்வாக, நிறுத்தாமல், கண்ணாடி ஜாடிக்குள் ஊற்றுவார். மண்டி கழுத்துக்கு வருகிற கணத்தில் நிறுத்த வேண்டும். தக்கை பொடிப்பொடியாக உடைந்து வந்தது. நான் பிடித்த வெளிச்சம் கழுத்தை விட்டுச் சுவரில் போய் விழுந்தது. அவர் என் மணிக்கட்டைப் பிடித்து நேராக வைத்துவிட்டு ஊற்றத் தொடங்கினார்.

நூல் போல விழுந்தது. செங்கல் நிறம். தெளிவு. கண்ணை நம்பமுடியாமல் பார்த்தேன். விழ விழ ஒரு வாசம் வந்தது. காய்ந்த புகையிலையும் நனைந்த மரப்பெட்டியும் சேர்ந்த வாசம். புகையிலை விளைகிற மண்ணிலிருந்து வந்தவன் நான். அந்த வாசம் பட்டதும் கொழும்பு பிளேன் வாசலில் வந்து நிற்பது போல இருந்தது எனக்கு. கடைசியில் கழுத்தருகே ஒரு கறுப்புக் கோடு நகர்ந்து வந்தது. நிறுத்தினார்.

கிளாஸில் கொஞ்சம் ஊற்றி, மூக்குக்குக் கீழே பிடித்தார், குடித்தார், கண்ணை மூடினார். நான் எண்ணினேன். இருபதுக்கு மேல் எண்ணிவிட்டேன். கண்ணைத் திறந்து, “நல்லது,” என்றார். “மிக நல்லது.”

தப்பிவிட்டேன் என்று நினைத்தேன். அந்த நேரத்தில்தான், மண்டி மிஞ்சிய போத்தலை மேசையில் வைக்கப் போனவர், ஜன்னலைத் தாண்டும்போது நின்றார். மத்தியான வெயில் நேராக அதில் விழுந்தது. சூரியனுக்கு முன்னால் டியூப் லைட் செய்த ஏமாற்று நிற்குமா? போத்தல் முழுக்கக் கறுப்பு. கழுத்திலும் அடியிலும் மட்டும் கோதுமை மாப் போல வெளிர்ப் பாலைவனத் தூசி, ஈரமில்லாத, ஒட்டாத தூசி. அவர் விரலால் தொட்டார். உதிர்ந்தது.

“அப்பா வீட்டுத் தூசி எனக்குத் தெரியும்,” என்றார் என்னைப் பார்க்காமல். “இந்தக் கறுப்பு அங்கேயிருந்து வந்தது. ஆனால் இந்தத் தூசி எங்கள் ஊர்த் தூசி இல்லை.”

மாஃபி மாலும் என்று சொல்ல வாய் திறந்தேன். வரவில்லை. ஹாலில் விருந்தாளி செருமினார். கதவு திறந்தே கிடந்தது. நான் சொல்கிற ஒவ்வொரு சொல்லும் அவருக்கும் கேட்கும்.

“நான்தான், சேர். குடிக்கவில்லை. குலுக்கினேன்.”

அவருக்குச் சொல் விளங்கவில்லை. மேசையில் இருந்த, சலாதுக்கு ஊற்றுகிற வினாகிரிப் போத்தலை எடுத்தேன். கழுத்தில் இரண்டு விரல், அடியில் உள்ளங்கை. இரண்டு தரம் கவிழ்த்துக் காட்டினேன். “என் ஊரில் மருந்துக் கடையில் வேலை. இப்படிச் செய்யாவிட்டால் மருந்து அடியில் நின்றுவிடும். நான் உங்களுக்கு நல்லது என்று நினைத்தேன். நாலு மாதம். பிறகு நீங்கள் சேறு என்று சொன்னீர்கள். நீங்கள் கதை சொன்னீர்கள், சுவர்க் கதை. ஏசியில் தூசி எடுத்தேன். என்னைக் கொழும்புக்கு மட்டும் அனுப்பாதீர்கள், சேர். அங்கே போனால்...” அதற்கு மேல் ஆங்கிலம் இல்லை என்னிடம். தமிழும் இல்லை.

அவர் முகத்தில் இருந்தது கோபமா, வேறு ஏதாவதா என்று எனக்குப் படிக்கத் தெரியவில்லை. என் கையில் இருந்த வினாகிரிப் போத்தலை வாங்கி மேசையில் வைத்தார். இன்னும் எரிந்துகொண்டிருந்த டோர்ச்சை வாங்கி அணைத்தார். தன் தோளில் கிடந்த துணியால் தன் கையை விரல் விரலாகத் துடைத்தார். பிறகு சட்டைப் பைக்குள் கைவிட்டு அந்தப் பேப்பரை எடுத்து விரித்தார். மேசையில் ஈரம், சுற்றிப் பார்த்துவிட்டு, பிரிட்ஜ் கதவில் வைத்து உள்ளங்கையால் நீவி, பேனாவை ஓட்டினார். மை வரவில்லை. பேனாவை இரண்டு தரம் உதறி, அழுத்தி, மறுபடியும் கையெழுத்துப் போட்டார்.